அறுவதற்கு முன்பே ஓய்ந்துபோகும் கிட்டார் கம்பிகள்

கிட்டார் வாங்கி ஓரிரு மாதங்கள் ஆனவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இந்தக் கம்பி எத்தனை நாளைக்கு வரும்?" என்பதுதான். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் கிட்டார் கற்றுத் தருகிறவர்கள் இதைக் கேட்டுச் சலித்திருப்பார்கள். கேட்பவரின் மனத்தில் இருப்பது கம்பி அறுந்துபோகும் நாள். ஆனால் மின்கருவி இல்லாமலே ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பி அறுவது அடிக்கடி நிகழ்வதன்று. அறுவதற்கு வெகுநாள் முன்பே அதன் ஒலியில் இருந்த பளிச்சென்ற தன்மை மங்கி, சுருதியும் நிலைகொள்ளாமல், மீட்டியவுடன் நாதம் அடங்கிவிடுகிற நிலைக்கு அது வந்துவிடுகிறது. பழகிய இசைக்கலைஞர்கள் கம்பியின் ஆயுள் என்று சொல்வது, அது புதிதாக இருந்தபோது தந்த ஒலியை எவ்வளவு காலம் காப்பாற்றுகிறது என்பதையே. ஆகவே ஒலி எதனால் உண்டாகிறது என்பது விளங்கினால், ஆயுள் எதனால் குறைகிறது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். கடைகளில் அக்கூஸ்டிக் கிட்டார் என்ற பெயரில் கிடைப்பவை இரு வகை. ஒன்று, எஃகுக் கம்பிகள் பூட்டியது. மற்றொன்று, அகன்ற கழுத்தும் நைலான் கம்பிகளும் உடைய கிளாசிக்கல் கிட்டார். ஒரு காலத்தில் ஆட்டுக் குடலைத் திரித்தே கிட்டாருக்குக் கம்பி செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் கம்பி செய்யும் வழியைக் கண்டார். ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரே செகோவியா அதை ஏற்று வாசித்ததால் அது நிலைபெற்றது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் மேல்பலகையை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. எஃகுக் கம்பிகளோ 70 கிலோவுக்கும் மேலான விசையுடன் இழுக்கின்றன. உறவினர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த பழைய கிளாசிக்கல் கிட்டாருக்கு எஃகுக் கம்பி மாட்டினால், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் பெயர்ந்துவரும், அல்லது மேல்பலகை உப்பிவிடும். பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலானுக்கானது என்றும், சிறு முளைகளைக் குத்திக் கம்பியை இறுக்கியிருந்தால் எஃகுக்கானது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். இனி இக்கட்டுரையில் கம்பி என்பது எஃகுக் கம்பி வகையையே குறிக்கும்.

ஒலி எங்கிருந்து வருகிறது

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானிப் பெட்டியின் மேல் கம்பியை இழுத்துக் கட்டி, எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் செய்த சோதனையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு கிட்டாரின் அடிப்படை முன்பே தெரியும். கம்பியின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். ஓரலகு நீளத்தின் நிறை கூடினால் அதிர்வெண் குறையும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் மரேன் மெர்சென் வகுத்துச் சொன்ன இந்த விதிகளில், இழுவிசையும் நிறையும் வர்க்கமூலத்தின் வழியாகவே அதிர்வெண்ணைப் பாதிக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கிட்டாரின் மிகத் தடித்த ஆறாம் கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. மிக மெல்லிய முதல் கம்பி ஏறத்தாழ 330 முறை, அதாவது நான்கு மடங்கு வேகமாக அதிர்கிறது. இரண்டின் நீளமும் ஒன்றே. இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இந்த நான்கு மடங்கு வேறுபாட்டை உண்டாக்க ஆறாம் கம்பி, முதல் கம்பியைப்போல் 16 மடங்கு நிறை உடையதாக இருக்க வேண்டியிருக்கிறது.

கம்பி அதிரும்போது முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று கூறுகளாகவும், நான்கு, ஐந்து எனப் பல கூறுகளாகவும் அதிர்கிறது. முழு நீள அதிர்வு நமக்குச் சுரத்தைத் தருகிறது. மற்றவை மேற்சுரங்களாக அதனுடன் கலந்து, அந்தச் சுரத்துக்கு நிறத்தைத் தருகின்றன. புதுக் கம்பி கணீரென்று ஒலிப்பதற்குக் காரணம், மிக உயர்ந்த மேற்சுரங்கள்கூட அதில் வலுவாக இருப்பதும் சற்று நேரம் நீடிப்பதும்தான். பழைய கம்பியில் அடிப்படைச் சுரம் கெடாமல் இருக்கும். மேற்சுரங்கள் மட்டும் பிறந்தவுடனே அடங்கிவிடும். ஓய்ந்துபோன கம்பியிலும் பாட்டை அடையாளம் காண முடிவது அடிப்படைச் சுரம் எஞ்சியிருப்பதால்தான். கேட்கும் காதுக்கு ஏதோ குறைவதாகத் தோன்றுவது மேற்சுரங்கள் போய்விட்டதால்.

ஆறாம் கம்பிக்கு 16 மடங்கு நிறை வேண்டும் என்றால் தடித்த எஃகுக் கம்பி ஒன்றையே பூட்டிவிடலாமே என்று தோன்றலாம். தடித்த எஃகு வளைய மறுக்கும். வளைய மறுக்கும் கம்பியில் மேற்சுரங்கள் தாம் இருக்க வேண்டிய சரியான மடங்கில் நில்லாமல் சற்று மேலே விலகிப்போகும். அதனால் ஒலி மந்தமாகவும் சுருதி பிசகியதாகவும் கேட்கும். எனவே, நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை வைத்து, அதன்மேல் செம்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, வளையும் தன்மை கெடாமல் நிறையை மட்டும் கூட்டுகிறார்கள். திருப்பூர் வட்டாரத்தில் நூல் தொழில் தெரிந்தவர்களுக்கு, நடுவில் பாலியெஸ்டர் இழையை ஓடவிட்டு அதன்மேல் பஞ்சை முறுக்கும் கோர் ஸ்பன் நூலைச் சொன்னால் இந்த அமைப்பு உடனே விளங்கும்: இழுவையைத் தாங்குவது உள்ளே இருப்பது, தொட்டுணரப்படுவது வெளியே இருப்பது. ஆனால் நூலின் கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெலியும் என்ற பழக்கத்தைக் கிட்டார் கம்பிக்குக் கொண்டுவரக் கூடாது. இங்கே எண் கூடினால் கம்பி தடிக்கும், ஏனெனில் அந்த எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு அளந்த விட்டம்.

ஆறு கம்பிகளும் சேர்ந்த ஒரு கட்டின் மேல் 12–53 என்று அச்சிட்டிருந்தால், முதல் கம்பியின் விட்டம் 0.012 அங்குலம், ஆறாம் கம்பியின் விட்டம் 0.053 அங்குலம் என்று பொருள். மில்லிமீட்டரில் அவை ஏறத்தாழ 0.30, 1.35. இந்தக் கட்டைத்தான் லைட் என்கிறார்கள். 11–52 கஸ்டம் லைட் என்றும், 10–47 எக்ஸ்ட்ரா லைட் என்றும், 13–56 மீடியம் என்றும் வழங்குகின்றன. பெரும்பாலான கட்டுகளில் முதல் இரண்டு கம்பிகள் சுற்றில்லாத வெறும் எஃகு. மற்ற நான்கும் சுற்றப்பட்டவை.

புதிதாகக் கற்பவர்கள் எந்த உலோகம் வாங்குவது என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். என் கருத்தில், அவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது தடிமனைத்தான். விரலுக்கும் காதுக்கும் உடனடியாகத் தெரியும் வேறுபாடு அதில்தான் இருக்கிறது. தடித்த கட்டு மேல்பலகையை வலுவாக அசைக்கும், ஒலி பெரிதாகும், நாதம் நீளும்; ஆனால் விரல் நுனி வலிக்கும். மெல்லிய கட்டில் விரல் எளிதில் அழுந்தும். ஒலி சிறுக்கும், ஓங்கி மீட்டினால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் உரசி இரையும். கடையில் பூட்டி வரும் 12–53 கட்டின் வலியால் பயிற்சியையே நிறுத்திவிட எண்ணுபவர்கள் 11–52-க்கோ 10–47-க்கோ தாராளமாக மாறலாம். பணம் செலவழிக்காத வழியும் ஒன்று உண்டு. எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் தளர்த்திக்கொண்டு எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃபிரெட்டில் பூட்டினால், சுருதி பழையபடியே இருக்கும். இழுவிசை மட்டும் ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். விரல்கள் காய்த்துப் பழகும் வரை இது பெரிய ஆறுதல்.

உலோகமும் நிறமும்

சுற்றுக்கம்பிக்குப் பயன்படும் உலோகக் கலவைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 1930-களிலிருந்து வழக்கில் உள்ளது 80/20 வெண்கலம். 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது என்பதால் வேதியியல்படி அது பித்தளையே என்றாலும், கம்பி வணிகத்தில் வெண்கலம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மஞ்சள் பொன்னிறத்தில் இருக்கும் இது, மாட்டிய அன்று மிகத் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். மற்றொன்று பாஸ்பர் வெண்கலம்: ஏறத்தாழ 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், மிகச் சிறிதளவு பாஸ்பரஸ். செம்பின் சிவப்புச் சாயல் இதில் தெரியும். கம்பி தயாரிக்கும் டாடாரியோ நிறுவனம் 1974-இல் இதைக் கிட்டார் கம்பிக்குக் கொண்டுவந்தது. இதன் ஒலியில் கூர்மை சற்றுக் குறைவு, கீழ்ச்சுரங்களின் நிறைவு கூடுதல். ஆனால் புதிதாக இருந்தபோதைய தன்மையிலிருந்து இது மெதுவாகவே இறங்கும், ஏனெனில் வெள்ளீயமும் பாஸ்பரஸும் சேர்ந்த இந்தக் கலவை, துத்தநாகம் கலந்ததைவிட அரிப்பை நன்றாகத் தாங்குகிறது.

இந்த இரண்டில் எது சிறந்தது என்று கிட்டார்க்காரர்கள் வாதிடத் தொடங்கினால் விடியும்வரை வாதிடுவார்கள். அந்த வாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது காலம் என்னும் அளவு. மாட்டிய முதல் நாளில் 80/20-க்கும் பாஸ்பர் வெண்கலத்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. சில வாரங்கள் அன்றாடம் வாசித்த பிறகு 80/20 தன் கூர்மையை இழந்து, பாஸ்பர் வெண்கலத்தின் பக்கமாக நகர்ந்து வந்துவிடும். அதன்பின் அதையும் தாண்டி மந்தமாகிவிடும். ஒலிப்பதிவுக்கு முன்தினம் கம்பி மாற்றுகிறவருக்கு 80/20-இன் கூர்மை உண்மையிலேயே பயன்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பி மாற்றுகிற மாணவருக்கு அந்தக் கூர்மை கிடைப்பது சில நாட்கள்தான். எஞ்சிய நாட்களை அவர் மங்கிய கம்பியுடனேயே கழிக்க வேண்டியிருக்கும். ஆகவே கற்பவர்களுக்குப் பாஸ்பர் வெண்கலத்தையே பரிந்துரைப்பேன். இதிலும் ஒரு விலக்கு உண்டு: கிட்டாரே இயல்பில் அடங்கிய, குமுறும் ஒலி உடையதாக இருந்தால் 80/20 அதற்குச் சற்றுத் தெளிவு சேர்க்கும்.

நிக்கலும் செம்பும் கலந்த மோனல் கம்பிகளும், எஃகு உட்கம்பியுடன் பட்டிழைகளைச் சேர்த்து மேலே சுற்றிய மென்மையான கம்பிகளும் கடைகளில் எப்போதாவது தென்படும். முதல் கிட்டாருக்கு அவை தேவைப்படா.

உலோகத்தைப் பற்றிய இந்தப் பேச்சில் முதல் இரண்டு கம்பிகள் வரவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். கட்டின் மேலட்டையில் எந்த வெண்கலத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளே முதல் இரண்டு கம்பிகள் வெறும் எஃகுதான். உலோகத்தை மாற்றியதும் முதல் கம்பி இனிமையாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் கம்பி புதிதானதால் வந்த இனிமை.

கம்பி ஏன் ஓய்கிறது

சுற்றுக்கம்பியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒரு நுண்ணிய பள்ளம் தெரியும். விரலிலிருந்து வரும் வியர்வை, எண்ணெய்ப்பசை, உதிர்ந்த தோல் துகள் ஆகியவை அந்தப் பள்ளங்களில் படிந்து இறுகுகின்றன. இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, கம்பி வளையும்போது ஒன்றையொன்று சிறிதளவு விலகி அசைய வேண்டிய சுற்றுகள் பிசினில் சிக்கியவையாகி, அதிர்வின் ஆற்றலை உராய்வாக விழுங்குகின்றன. வேகமாக அதிரும் மேற்சுரங்களே இதில் முதலில் பலியாகின்றன. மற்றொன்று, அழுக்கு எங்கும் ஒரே சீராகப் படிவதில்லை. நாம் அதிகமாக அழுத்தும் முதல் மூன்று நான்கு ஃபிரெட்டுகளின் பக்கம் அது கூடுதலாகப் படிகிறது. கம்பியின் நிறை இடத்துக்கு இடம் வேறுபட்டுவிடுகிறது. அதன்பின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்துடன் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. திறந்த கம்பியில் சுருதி சேர்ந்தும், மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது பிசகித் தோன்றுவது இதனால்தான்.

இதனுடன் வேதியியல் தேய்மானமும் சேர்கிறது. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. அவை செம்புக் கலவையைக் கறுக்கச் செய்யும், சில கைகளில் பச்சை பூக்கச் செய்யும். வெறும் எஃகை முரமுரப்பாகத் துருப்பிடிக்கச் செய்யும். ஒரே நாளில் ஒரே வகைக் கம்பி மாட்டிய இருவரில் ஒருவருக்கு அது பத்து நாளில் கறுத்துவிடுவதும் மற்றவருக்கு இரண்டு மாதம் ஆகியும் மின்னுவதும் வெகு இயல்பு. வியர்வையின் அளவும் அமிலத்தன்மையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே நண்பருக்கு நீடித்த கம்பி நமக்கும் நீடிக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

மூன்றாவது காரணம் வெறும் உரசல். ஃபிரெட்டுகள் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் என்ற கலவையால் ஆனவை. கம்பியை அவற்றின்மேல் அழுத்தி அழுத்தி, சுற்றுக்கம்பியின் அடிப்பக்கத்தில் ஃபிரெட் பட்ட இடமெல்லாம் தட்டையாகிவிடும்; நகத்தால் கம்பியின் அடியில் வருடினால் சிறு பள்ளங்களாகத் தட்டுப்படும். அந்தப் பள்ளங்களைத் துடைத்தோ கழுவியோ மீட்க முடியாது.

கொங்கு நாட்டின் தட்பவெப்பம் இதில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். நமக்குக் கடற்கரை இல்லை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் உப்புக்காற்று இங்கே வீசுவதில்லை. அந்த வகையில் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கிட்டார்கள் கொடுத்துவைத்தவை. ஆனால் ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் நுழையும் காற்று, மலையாளக் கரையின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. வால்பாறையில் மழைக்காலத்தில் ஜன்னலோரம் தொங்கவிட்ட கிட்டாரின் முதல் கம்பி சீக்கிரமே துருவேறிவிடும். சித்திரையிலும் வைகாசியிலும் ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்றில் ஈரம் குறைவு. கையில் வியர்வைக்கோ பஞ்சமில்லை. ஆகவே மேற்கே ஈரமும் கிழக்கே வியர்வையும் கம்பியின் ஆயுளைக் குறைக்கின்றன என்று சொன்னால் பெரிய தவறில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுவைப்பது கம்பியைவிட மரத்துக்கும் பசைக்கும் செய்யும் கேடு பெரிது. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

பள்ளங்களில் அழுக்குப் படிவதே முதன்மைக் கேடு என்பது விளங்கியவுடன், பள்ளத்தை மூடிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. 1990-களில் அமெரிக்காவின் கோர் நிறுவனம் எலிக்சர் என்ற பெயரில் அதைத்தான் செய்தது. மழை அங்கிகளுக்கான கோர்டெக்ஸ் துணியைச் செய்யும் அதே நிறுவனம், அதே குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய புளோரோபாலிமர்ப் படலத்தைச் சுற்றுக்கம்பியின்மேல் போர்த்தியது. தடித்த படலம் கொண்டது பாலிவெப், மெல்லியது நானோவெப். படலம் தடித்தால் விரலுக்கு வழுக்கலாகவும் காதுக்குச் சற்று அடங்கியதாகவும் இருக்கும். மெலிந்தால் உலோகத்தின் இயல்பான ஒலிக்கு நெருங்கி வரும். கோட்டிங் உள்ள கம்பி முதல் நாளில் சாதாரணக் கம்பியின் உச்சக் கூர்மையைத் தருவதில்லை என்று சொல்பவர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்த முதல் நாள் ஒலியின் பெரும்பகுதியை அது மாதக் கணக்கில் வைத்திருக்கும். விலை ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும்.

அந்த விலை யாருக்குத் தகும்? கை வியர்க்கிறவர்களுக்கு ஐயமின்றித் தகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் எடுத்து வாசித்து, மற்ற நாட்களில் உறையிலேயே வைத்திருப்பவர்களுக்கும் தகும், ஏனெனில் சாதாரணக் கம்பி வாசிக்காத நாட்களிலும் கறுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கை வைத்து நாள்தோறும் ஓங்கி மீட்டுகிறவர்களுக்கு அவ்வளவாகத் தகாது. படலம் பிக் படும் இடத்தில் பிய்ந்து நார்நாராகத் தொங்கத் தொடங்கும், ஃபிரெட் உரசலிலிருந்தும் அது காப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் சாதாரண பாஸ்பர் வெண்கலக் கட்டை இருமுறை மாற்றுவது மேல்.

கவனிப்பும் மாற்றமும்

ஆயுளைக் கூட்ட நாம் செய்யக்கூடியவற்றுள் மிகப் பயனுள்ளது, வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவி ஈரம் போகத் துடைப்பது. நம் வீடுகளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவாத நாள் குறைவு. தலையைத் தொட்ட கையோடு கிட்டாரை எடுத்தால் அந்த எண்ணெய் நேரே பள்ளங்களுக்குள் போகிறது. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கம்பியின்மேலேயே தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். காங்கயத்து எண்ணெய் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் அதைக் கம்பிக்குப் பூசக் கூடாது: அது தூசியைப் பிடித்து வைத்து, நாளடைவில் சிக்குப் பிடித்து, மேற்சுரங்களை ஒரே வாரத்தில் அடக்கிவிடும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிகளுக்கு மேலும் அடியிலும் கொடுத்து, நீளவாக்கில் இழுத்துத் துடைக்க வேண்டும். பட்டறைகளில் இயந்திரம் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட் துணி, சுத்தமானதாக இருந்தால், இதற்கு வெகு பொருத்தம். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த துணிகளுக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

பழைய கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் மாட்டும் வழக்கம் ஒன்று உண்டு. பள்ளங்களில் இருந்த எண்ணெயும் அழுக்கும் நீங்குவதால் ஒலி ஓரளவு திரும்பி வருவது உண்மை. ஆனால் தட்டையான இடங்கள் தட்டையாகவே இருக்கும். சுருதி சேர்க்கத் திருகும் பெக்கில் ஒருமுறை முறுகி நிமிர்ந்த கம்பி மீண்டும் முறுக்கப்படும்போது அந்த இடத்தில் பலவீனப்படும். நீர் முழுதும் உலராவிட்டால் உட்கம்பி துருப்பிடிக்கும். விலை மிகுந்த பேஸ் கிட்டார்க் கம்பிகளுக்கு அந்தப் பாடு தகலாம். அக்கூஸ்டிக் கட்டுக்குத் தகாது.

கம்பி ஓய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மங்கல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் வாசிப்பவரின் காது அதற்குப் பழகிவிடுகிறது. புதுக் கம்பி மாட்டி இரண்டு நாள் கழித்து, திறந்த கம்பிகளையும் பல சுரங்களை ஒருசேர மீட்டும் ஓரிரு கார்டுகளையும் செல்போனில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே அறையில் அதே தொலைவில் மீண்டும் பதிவுசெய்து ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக் சுரத்தையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும், சுருதியைக் காட்டும் டியூனரில் ஒப்பிட வேண்டும். கம்பி புதிதாக இருந்தபோது பொருந்திய இரண்டும் இப்போது பொருந்தாவிட்டால் குற்றம் கம்பியுடையது. புதுக் கம்பியிலும் பொருந்தாவிட்டால் குற்றம் கிட்டாரின் அமைப்பில் இருக்கிறது. அதைக் கம்பி மாற்றிச் சரிசெய்ய முடியாது. பொதுவான கணக்காக, நாளுக்கு ஒரு மணிநேரம் வாசிப்பவர் கோட்டிங் இல்லாத கட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மாற்றும்போது ஆறையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. ஐந்து பழைய கம்பிகளுக்கு நடுவே ஒரு புதுக் கம்பி தனித்துத் துருத்திக்கொண்டு ஒலிக்கும்.

கம்பி உண்மையிலேயே அறுந்தால், எங்கே அறுந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், அந்த இடத்தில், அதாவது பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சேடிலிலோ, கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் நட்டிலோ, பெக்கின் துளையிலோ, ஒரு கூர்மையான விளிம்பு இருக்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளால் அதை மெல்லத் தேய்த்து மழுக்கினால் போதும். சுற்றுக்கம்பிகளில் மூன்றாவது கம்பியின் உட்கம்பி மிக மெல்லியது என்பதால் அது அறுவதில் வியப்பில்லை.

புதுக் கம்பி மாட்டிய முதல் நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருப்பதைக் கண்டு பலர் போலிக் கம்பி என்று ஐயுறுகிறார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் கட்டுகளுக்குப் போலிகள் சந்தையில் உண்டு என்பதால் நம்பகமான கடையில் வாங்குவது நல்லதுதான்; என்றாலும் இந்தச் சுருதி இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெக்கில் சுற்றிய சுற்றுகள் இன்னும் இறுகாமை. பெக்கில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் விடாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் சுற்றி, சுருதி சேர்த்தபின் கம்பியை விரலால் மெல்ல மேலே இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்ப்பதை நான்கைந்து முறை செய்தால் அது நிலைக்கு வந்துவிடும். மாரியம்மன் நோம்பியில் மெல்லிசைக் கச்சேரிக்கு வாசிக்கப்போகிறவர்கள் அன்று மாலையில் கம்பி மாற்றக் கூடாது. இரண்டு நாள் முன்பே மாற்றி, நன்றாக வாசித்துப் பழக்கிவிட்டு, முதல் கம்பியிலும் மூன்றாம் கம்பியிலும் ஒவ்வொரு உபரியைப் பிரிக்காத உறையோடு கிட்டார்ப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.